கேரவன் உங்களுடையது, நிலம் பார்க்குடையது: பிரிட்டனில் ஸ்டாட்டிக் கேரவன் வாங்குமுன் தெரிய வேண்டியவை

பிரிட்டனின் கடற்கரைப் பார்க் (கேரவன்கள் வரிசையாக நிற்கும் விடுமுறை வளாகம்) ஒன்றில் நான்கு நாள் தங்கிவிட்டு வரும் குடும்பங்கள் பலவற்றுக்கும் வீடு திரும்பும் வழியிலேயே ஒரு யோசனை எழுகிறது: வருடாவருடம் வாடகைக்குக் கொடுக்கிற காசில் சொந்தமாகவே ஒரு ஸ்டாட்டிக் கேரவன் வாங்கிவிட்டால் என்ன? பார்க்கின் விற்பனை அலுவலகத்தில் விசாரித்தால் மாதத் தவணைக் கணக்கு உடனே கைக்கு வந்துவிடும். மறுபக்கம், பல்லாயிரம் பவுண்டு கொடுத்து வாங்கியதைச் சில வருடங்களில் அடிமாட்டு விலைக்குத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தவர்களின் புகார்களும் செய்திகளில் வந்தபடியே இருக்கின்றன. எதை நம்புவது என்று குழம்புவது இயல்பு. குழப்பம் தீர, முதலில் காசு கொடுத்து எதை வாங்குகிறோம் என்று பார்க்க வேண்டும்.

## சட்டத்தின் பார்வையில் இது என்ன?

ஸ்டாட்டிக் கேரவன் என்பது இரும்புச் சட்டகத்தின் மேல் கட்டிய, பெயரளவுக்குச் சக்கரம் உள்ள விடுமுறை வீடு. வழக்கமான நீளம் 28 முதல் 40 அடி, அகலம் 10 அல்லது 12 அடி. லாரியில் கொண்டுவந்து இறக்கி, கட்டைகளின் மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, புயலுக்கு அசையாதபடி சங்கிலியால் தரையோடு பிணைத்துவிடுவார்கள். பிறகு அது நகர்வது விற்கும்போதோ உடைக்கும்போதோதான். ஆனாலும் 1960, 1968 ஆம் ஆண்டுகளின் கேரவன் சட்டங்கள் இதை ‘நகர்த்தக்கூடிய’ பொருளாகவே வரையறுக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்றுள்ள உச்ச அளவு 20 மீட்டர் நீளம், 6.8 மீட்டர் அகலம்.

இந்த வரையறையிலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது. அசையும் பொருள் என்பதால் முத்திரை வரி இல்லை. நிலப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறாது. வீட்டுக் கடன் கிடைக்காது, தவணைக் கொள்முதல் கடனோ தனிநபர் கடனோதான் வழி. வீட்டின் விலை ஏறுவது பெரும்பாலும் அதன் கீழுள்ள நிலத்தால். இங்கே நிலம் பார்க் உரிமையாளருடையது. உங்களுக்குச் சொந்தமானது கேரவன் மட்டுமே, அதன் விலை காரின் விலையைப் போல முதல் நாளிலிருந்தே இறங்கும்.

ஆகவே நீங்கள் வாங்குவது இரண்டு: தேய்மானமாகும் ஒரு பொருள், அதை இன்னாருடைய நிலத்தில் இத்தனை வருடம் நிறுத்திவைக்கலாம் என்ற அனுமதி. பார்க்கப் போகிறவர்கள் சோபாவையும் சமையலறையையும் பார்த்து மயங்குகிறார்கள். உங்கள் பணம் பிழைக்குமா போகுமா என்பதைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான்.

வாட் வரியைப் பற்றி ஒரு சொல். சாதாரண விடுமுறைக் கேரவனுக்கு 2013 ஏப்ரல் முதல் 5% வாட். பி.எஸ். 3632 என்ற குடியிருப்புத் தரத்தில், தடித்த வெப்பக் காப்போடு கட்டியவற்றுக்கு வாட் பூச்சியம். இத்தரத்தில் கட்டிய கேரவன் குளிர்காலத்துக்குத் தாங்கும். ஆனால் கேரவன் குடியிருப்புத் தரத்தில் இருப்பதால் அதில் குடியிருக்க அனுமதி உண்டு என்று ஆகாது. அந்த அனுமதி பார்க்குக்கு உள்ளூராட்சி கொடுத்த உரிமத்தைப் பொறுத்தது.

## இரண்டு வகைப் பார்க்குகள், இரண்டு வகைப் பாதுகாப்பு

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் பார்க்குகள் சட்டப்படி இரண்டு வகை. குடியிருப்புப் பார்க்கில் வசிப்பவருக்கு 1983 ஆம் ஆண்டின் நகரும் வீடுகள் சட்டம் பாதுகாப்புத் தருகிறது: விற்கும்போது பார்க் எடுக்கக்கூடிய தரகு 10 சதவீதத்துக்கு மேல் போகாது, இங்கிலாந்தில் இடவாடகை உயர்வுக்கு 2023 ஜூலை முதல் நுகர்வோர் விலைக் குறியீடு அளவுகோல், நீதிமன்றமோ தீர்ப்பாயமோ தலையிடாமல் வெளியேற்ற முடியாது.

விடுமுறைப் பார்க்குக்கு இதில் எதுவும் கிடையாது. அங்கே உங்களைக் காப்பது நீங்கள் கையெழுத்திடும் லைசன்ஸ் (கேரவனை நிறுத்திவைக்கும் அனுமதி) ஒப்பந்தமும், பொதுவான நுகர்வோர் சட்டமும் மட்டுமே. ‘12 மாதமும் திறந்திருக்கும்’ என்ற விளம்பரத்தை ‘நிரந்தரமாக வசிக்கலாம்’ என்று புரிந்துகொண்டு, இருந்த வீட்டை விற்றுவிட்டு வந்தவர்கள் பின்னர் போக்கிடமின்றி நிற்பது இந்த வேறுபாடு தெரியாமல்தான். விடுமுறை லைசன்ஸில் வேறொரு முதன்மை முகவரி கட்டாயம். கவுன்சில் வரி (உள்ளூராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) ரசீதைக் காட்டச் சொல்லி வருடந்தோறும் கேட்கும் பார்க்குகள் உண்டு.

## ஒப்பந்தத்தில் விரல் வைத்துப் படிக்க வேண்டிய இடங்கள்

கேரவனைப் பார்க்கப் போகுமுன்பே வெற்று ஒப்பந்தப் படிவத்தையும் பார்க் விதிகளையும் மின்னஞ்சலில் கேளுங்கள். தரத் தயங்கும் பார்க்குக்குப் போவதில் அர்த்தமில்லை. படிக்க வேண்டியவை:

1. காலம். லைசன்ஸ் எத்தனை வருடம், எந்தத் தேதியில் முடிகிறது? பல பார்க்குகளில் இது கேரவனின் வயதோடு கட்டப்பட்டிருக்கும்: தயாரிப்பு ஆண்டிலிருந்து 10, 15 அல்லது 20 வருடம். 12 வருடம் பழைய கேரவனை 15 வருட விதியுள்ள பார்க்கில் வாங்கினால் உங்களுக்கு எஞ்சுவது மூன்றே வருடம். அதன் பிறகு புதியது வாங்க வேண்டும், அல்லது இடத்தைக் காலி செய்ய வேண்டும். லைசன்ஸ் புதுப்பிக்கப்படும் என்று வாயால் சொல்வதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

2. பிட்ச் கட்டணம், அதாவது கேரவன் நிற்கும் இடத்துக்கான வாடகை. பார்க்கையும் வசதிகளையும் பொறுத்து வருடத்துக்கு மூவாயிரம் பவுண்டிலிருந்து பத்தாயிரத்துக்கு மேலும் போகும். இதற்கு 20% வாட் உண்டு. சொன்ன தொகை வாட் சேர்த்தா, சேர்க்காமலா? உயர்வு எந்த அளவுகோலில்? ‘இயக்கச் செலவுகளைக் கருத்தில் கொண்டு’ என்ற சொற்றொடர் இருந்தால் மேல்வரம்பு இல்லை என்றே பொருள். கடந்த ஐந்து வருட உயர்வை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

3. விற்கும் உரிமை. நின்ற இடத்திலேயே வெளியாருக்கு விற்கலாமா? பல ஒப்பந்தங்களில் பார்க் முதலில் வாங்கும் உரிமையை வைத்திருக்கும். மூன்றாமவருக்கு விற்றால் 15% தரகும் அதன் மேல் வாட்டும் கேட்கும். வாங்குபவருக்கு லைசன்ஸின் எஞ்சிய காலம் கைமாறுமா என்பது விலையையே புரட்டிப்போடும். இடத்தோடு விற்க முடிந்தால் ஒரு விலை. இடமில்லாமல் இழுத்துக்கொண்டு போகவேண்டிய வெறும் கேரவனுக்கு அதில் சிறு பங்குகூடக் கிடைக்காது.

4. இடம் மாற்றம். பார்க்கை மறுசீரமைக்கும்போது உங்கள் கேரவனை வேறு பிட்சுக்கு நகர்த்தலாமா? செலவு யாருடையது? கடல் தெரியும் முன்வரிசைக்கென்று கூடுதலாகக் கொடுத்தவருக்கு இது முக்கியம்.

5. யார் பயன்படுத்தலாம். உடன்பிறந்தோர், பெரியப்பா சித்தப்பா குடும்பம், நண்பர்கள் என்று மாறிமாறிப் போவதுதான் நம் வீடுகளில் வழக்கம். உரிமையாளர் இல்லாதபோது உறவினர் தங்கலாமா, எட்டுப் படுக்கைக் கேரவனில் எட்டுப் பேருக்கும் நீச்சல்குள அனுமதி அட்டை உண்டா, கூடுதல் அட்டைக்குக் கட்டணமா என்று கேட்க வேண்டும். உரிமையாளர் இறந்தால் லைசன்ஸ் யாருக்குப் போகும் என்பதையும் பாருங்கள்.

6. கட்டாயக் கொள்முதல். டெக்கிங் (கேரவனை ஒட்டிப் போடும் மேடைத் தளம்), எரிவாயு உருளை, காப்பீடு, பராமரிப்பு ஆகியவற்றைப் பார்க் சொல்லும் ஆளிடம்தான் வாங்க வேண்டுமா? டெக்கிங்குக்கே பல ஆயிரம் பவுண்டு ஆகும். விற்கும்போது அதில் அனேகமாக ஒன்றும் திரும்பாது. மின்சாரத்தில் மட்டும் ஒரு பிடி உண்டு: பார்க் தான் வாங்கிய அலகு விலைக்கு மேல் வைத்து விற்கக்கூடாது என்பது எரிசக்தி ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்ஜெமின் விதி.

## கணக்குப் போட்டுப் பார்த்தால்

மாதத் தவணை ஏமாற்றும். வருடச் செலவைத் தங்கும் இரவுகளால் வகுத்தால்தான் உண்மை விளங்கும். கீழுள்ளவை எடுத்துக்காட்டுக்கான தொகைகள். உங்கள் பார்க்கின் எண்களை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

புதிய கேரவன், பத்து வருடம். கேரவன் 45,000 பவுண்டு, டெக்கிங் 6,000, மொத்தம் 51,000. பத்தாம் வருடம் 8,000க்கு விற்றதாகக் கொள்வோம். தரகு 15% என்றால் 1,200, அதன் வாட் 240. கைக்கு வருவது 6,560. போனது 44,440, வருடத்துக்கு 4,444. பிட்ச் கட்டணம் முதல் வருடம் 6,000, ஆண்டுக்கு 5% உயர்வு என்றால் பத்து வருடத்தில் 75,467. வருடச் சராசரி 7,547. காப்பீடு, தண்ணீர், பார்க் பிரித்து வசூலிக்கும் வணிக வரி, எரிவாயு, மின்சாரம், பாய்லர் சர்வீஸ், குளிர்காலத் தண்ணீர் வடிப்பு எல்லாம் சேர்த்து 1,750. ஆக வருடத்துக்கு 13,741 பவுண்டு. கடன் வட்டி இதில் இல்லை.

வருடத்தில் 40 இரவு தங்கினால் ஓர் இரவுக்கு 344 பவுண்டு. 70 இரவு என்றால் 196. 100 இரவு என்றால் 137.

பழைய கேரவன், எட்டு வருட லைசன்ஸ் மிச்சம். விலை 15,000, முடிவில் மதிப்பு பூச்சியம், வருடத்துக்கு 1,875. பிட்ச் கட்டணம் 4,500இல் தொடங்கி அதே 5% உயர்வில் வருடச் சராசரி 5,371. மற்றவை 1,800. மொத்தம் 9,046. 40 இரவுக்கு வகுத்தால் 226.

கேரவனின் விலை மூன்றில் ஒன்றாகக் குறைந்தும் வருடச் செலவு மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. இரண்டு கணக்கிலும் பெரும்பங்கைத் தின்பது பிட்ச் கட்டணம். ‘மலிவாக ஒன்று கிடைக்கிறது’ என்பதற்காக வாங்குகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்து, அதே பார்க்கின் இணையதளத்தில் நீங்கள் போகக்கூடிய அதே தேதிகளுக்கு வாடகைக் கேரவன் விலையைப் பாருங்கள். ஆகஸ்ட் வாரங்களுக்கு ஒரு விலை, மே அரைப்பருவ விடுமுறைக்கு ஒரு விலை, அக்டோபர் வார இறுதிக்கு ஒரு விலை என்று வேறுவேறாகக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை உங்கள் வருடச் செலவைவிடக் குறைவாக இருந்தால் வாங்குவது காசுக்காக அல்ல என்பது தெளிவு. வேறு காரணம் இருக்கலாம்: பிள்ளைகளின் சைக்கிளும் கட்டிலும் அங்கேயே இருக்கும், வெள்ளி மாலை நினைத்தால் கிளம்பலாம், மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குப் பழகிய இடம் வேண்டும். இவை மதிப்புள்ள காரணங்கள்தான். அவற்றுக்கு வருடத்துக்கு எத்தனை ஆயிரம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

## எத்தனை இரவு போவீர்கள்?

இந்தக் கணக்கில் எல்லோரும் தாராளமாகப் பொய் சொல்லிக்கொள்ளும் எண் இது. இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு வருடத்தில் சுமார் 13 வார விடுமுறை. அதில் கிறிஸ்துமஸ் வாரங்கள் குளிர். பல பார்க்குகள் ஜனவரி, பிப்ரவரியில் மூடியே இருக்கும். கோடையின் ஆறு வாரத்தில் யாழ்ப்பாணமோ சென்னையோ போகிற வருடம் என்றால் மிஞ்சுவது ஒன்றிரண்டு வாரம். பருவ நாட்களின் வார இறுதிகளைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, மிருதங்கம், நடன வகுப்பு, கல்யாண வீடு, பிறந்தநாள் எல்லாம் எடுத்துக்கொள்ளும். சனி பிற்பகல் கிளம்பி ஞாயிறு மாலை திரும்புவது ஓர் இரவுதான்.

தூரமும் சேர வேண்டும். லண்டனிலிருந்து ஷெப்பி தீவோ கிளாக்டனோ போக்குவரத்து நன்றாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும். ஸ்கெக்னஸ் மூன்று மணி நேரத்துக்கு மேல். வெள்ளி மாலை லண்டனைச் சுற்றும் எம்25 சாலையில் நின்றால் அதற்கும் கூட. இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் பார்க்குக்கு ஒற்றை இரவுப் பயணங்கள் முதல் வருடத்தோடு நின்றுவிடும் என்று வைத்துக் கணக்கிடுவதே நல்லது. கடந்த இரண்டு வருட நாட்காட்டியை எடுத்து, உண்மையில் காலியாக இருந்த வார இறுதிகளை எண்ணினால் ஓர் ஆசை எண்ணுக்குப் பதில் ஒரு நம்பகமான எண் கிடைக்கும்.

## பழைய கேரவனைச் சோதிப்பது எப்படி?

ஈரம்தான் முதல் எதிரி. சுவர் மெல்லிய மரச்சட்டம், அதன் மேல் அலுமினியமோ பிளாஸ்டிக்கோ. சன்னல் விளிம்பின் சீலண்ட் வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கி மரத்தை உளுத்துப்போகச் செய்யும். வெளியே ஒன்றும் தெரியாது. ஈரமானியால் சன்னலின் கீழ் மூலைகள், கூரைச் சந்திப்புகள், அலமாரிகளின் உட்சுவர் ஆகியவற்றை அளக்க வேண்டும். 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை. 15–20 என்றால் காரணம் தேட வேண்டும். 20ஐத் தாண்டினால் விலை பேசுவதற்கு முன் பழுதுபார்க்கும் செலவைக் கேட்க வேண்டும். புதிதாக ஒட்டிய சுவர்த்தாளோ ஒரு மூலையில் மட்டும் புதுப் பலகையோ இருந்தால் அங்கே இரண்டு முறை அளக்கவும்.

தரையைக் குதிகாலால் அழுத்திப் பாருங்கள்: ஷவர் வாசல், வெளிக்கதவு, பாய்லர் அலமாரியின் முன். அமுங்கினால் கீழே பலகை ஊறியிருக்கிறது. பிறகு கேரவனின் அடியில் டார்ச் அடித்துச் சட்டகத்தைப் பார்க்க வேண்டும். துத்தநாகம் பூசிய சட்டகம் கடற்காற்றைத் தாங்கும். வெறும் பெயிண்ட் அடித்தது துரு உதிரும். உள்கதவுகள் தாமாகத் திறந்து ஆடினால் அல்லது இறுகினால் கேரவன் மட்டம் விலகியிருக்கும்.

தனியாரிடம் வாங்கும்போது இன்னொரு பொறி உண்டு. தவணைக் கடன் முடியாத கேரவன் கடன் கொடுத்தவருக்கே சொந்தம். கடன் இருப்பது தெரியாமல் வாங்கிய காருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு ஸ்டாட்டிக் கேரவனுக்குக் கிடையாது. கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைப் பார்க்காமல் பணம் கைமாறக் கூடாது.

## எரிவாயு, சமையல், ஈரப்பதம்

பெரும்பாலான கேரவன்களில் 47 கிலோ புரோபேன் உருளைகள் வெளியே நிற்கும். பியூட்டேன் பூச்சியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோபேன் மைனஸ் 42 வரை ஆவியாகும், அதனால்தான் இந்தத் தேர்வு. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும், தரையிலுள்ள துளைகள் வழியே வெளியேற வேண்டும். குளிர்காற்று வருகிறதென்று அந்தத் துளைகளைத் துணியாலோ டேப்பாலோ அடைப்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்ஸைடு அலாரம் கட்டாயம் இருக்கட்டும்.

சோறு வடித்து, குழம்பு கொதித்து, ஆறு பேர் குளித்து முடிக்கும் ஒரு காலைப்பொழுதில் இந்தச் சிறிய இடத்தில் சேரும் நீராவி ஏராளம். அது சன்னல் கண்ணாடியிலும் கட்டிலுக்குப் பின்சுவரிலும் தண்ணீராக வழிந்து பூஞ்சையாகும். அடுப்பின் மேலுள்ள விசிறி நீராவியை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி உள்ளேயே திருப்பி விடுகிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தாளிப்பும் பொரியலும் வழக்கமான வீட்டுக்கு வெளியே தள்ளும் விசிறிதான் பொருந்தும்.

## குளிர்காலத் தண்ணீர் வடிப்பு

பல காப்பீட்டுப் பாலிசிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் நடுப்பகுதி வரை, ஆளில்லாத கேரவனில் தண்ணீர் வடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. செய்யாவிட்டால் குழாய் வெடித்த இழப்புக்குப் பணம் வராது. வரிசை இது:

1. வெளியே தரையிலுள்ள பிரதான அடைப்பானை மூடுக. பாய்லரின் மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்துக.
2. சூடு, குளிர் இரண்டு பக்கக் குழாய்களையும் திறந்துவிட்டு, அடியிலுள்ள வடிப்பு மூடிகளைக் கழற்றுக. கலப்புக் குழாயின் கைப்பிடி நடுவில் இருக்கட்டும்.
3. ஷவர் தலையைக் கழற்றிக் குழலைக் கீழே தொங்கவிடுக.
4. குறைந்த அழுத்தக் காற்றை ஒரு குழாய் வழியே செலுத்தி, மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, சிதறல் நிற்கும்வரை ஊதுக.
5. கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்து, அடியில் மிஞ்சியதைப் பஞ்சால் ஒற்றுக. கழிப்பறையிலும் கழுவு தொட்டிகளின் வளைவுக் குழாய்களிலும் நச்சற்ற உறைதடுப்பு நீரை ஊற்றுக.
6. ரேடியேட்டர்ச் சுற்றை வடிப்பதில்லை. அதிலுள்ள உறைதடுப்பின் செறிவைச் சோதிக்க வேண்டும்.

தவறு அதிகம் நிகழ்வது நான்காவதில். ஷவர் வால்வின் உள்ளே ஒரு கரண்டித் தண்ணீர் தங்கினாலும் அது உறைந்து விரிந்து உறையைப் பிளக்கும். மார்ச்சில் தண்ணீரைத் திறக்கும்போது சுவருக்குள் பீறிடும். அதனால் வசந்தத்தில் முதல்முறை திறக்கும்போது ஒருவர் அடைப்பானிலும் இன்னொருவர் உள்ளேயும் நிற்க வேண்டும்.

## வாடகைக்கு விட்டு ஈடுகட்டலாமா?

ஒப்பந்தம் அனுமதித்தால் மட்டுமே. விட்டால் வருடந்தோறும் பதிவுபெற்ற எரிவாயுப் பொறியாளரின் பாதுகாப்புச் சான்று, தீ அபாய மதிப்பீடு, வாடகைக்கான தனிக் காப்பீடு வேண்டும். விடுமுறை வாடகைக்கு இருந்த சிறப்பு வரிச் சலுகைத் திட்டம் 2025 ஏப்ரலோடு ஒழிந்துவிட்டதால், பழைய கணக்குகளைக் காட்டி விற்கப்படும் வருமானத் திட்டங்களை நம்ப வேண்டாம். வாடகை எடுபடும் வாரங்களும் நீங்கள் போக விரும்பும் வாரங்களும் ஒன்றே என்பது இன்னும் பெரிய சிக்கல்.

## கடலோரம் என்றால்

யார்க்‌ஷயரின் ஹோல்டர்னஸ் கரை வருடத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய இரண்டு மீட்டர் கடலிடம் இழக்கிறது. நார்ஃபோக்கின் ஹெம்ஸ்பியில் வீடுகளே விளிம்பிலிருந்து இடித்து அகற்றப்பட்டிருக்கின்றன. வட வேல்ஸின் டோவின் 1990 பிப்ரவரியில் கடற்சுவர் உடைந்து மூழ்கியது. பார்க்கின் அஞ்சல் குறியீட்டை அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் தேடுங்கள். வாங்குமுன் அதே குறியீட்டுக்குக் காப்பீட்டு விலையும் கேளுங்கள். நிறுவனங்கள் மறுத்தால் அதைவிடத் தெளிவான பதில் வேறில்லை.

## கையெழுத்திடும் நாள்

பார்க்கின் அலுவலகத்திலேயே உட்கார்ந்து கையெழுத்திடும் விற்பனைக்கு, இணையத்தில் வாங்குவதற்குள்ள 14 நாள் ரத்து உரிமை சட்டப்படி தானாகக் கிடைப்பதில்லை. கடன் ஒப்பந்தத்திலிருந்து பெரும்பாலும் 14 நாளுக்குள் விலகலாம். ஆனால் கேரவனுக்கான பணத்தை வேறு வழியில் கட்டும் பொறுப்பு அப்படியே இருக்கும். முன்பணம் கொடுத்தால் எந்த நிபந்தனையில் திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். லைசன்ஸ் முடியும் தேதி, இடத்தோடு விற்கும் உரிமை, ஐந்து வருடம் கழித்துப் பார்க் திரும்ப வாங்கும் விலையைக் கணக்கிடும் முறை ஆகிய மூன்றுக்கும் மின்னஞ்சலில் பதில் வரும்வரை அந்த முன்பணத்தையும் கொடுக்க வேண்டாம்.